அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஞாயிறு விசுக்கோத்து: வரலாறும் செய்முறையும்

விசுக்கோத்து என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது தேநீரில் தோய்த்து உண்ணும், கடித்தால் நொறுங்கும் தட்டையான பண்டம். ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அதே பெயரைச் சொன்னால் மேசைக்கு வருவது வேறொன்று. இரண்டு விரல் உயரத்துக்குப் பொங்கி, வெளியே மெல்லிய பொருக்கும் உள்ளே பஞ்சுபோன்ற மென்மையும் கொண்ட சிறிய வட்டப் பாண் அது. ஈஸ்ட் கிடையாது, மாவைப் புளிக்க வைக்கவும் தேவையில்லை. மாவில் கை வைத்த அரை மணித்தியாலத்தில் சாப்பிடலாம். வார இறுதிக் காலைகளில் அதைப் பிளந்து பட்டர், ஜாம், தேன் பூசி உண்பார்கள். இறைச்சிக் கொழுப்பில் மாவும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பை மேலே ஊற்றியும் உண்பார்கள்.

இந்த எளிய காலை உணவின் பின்னால் ஒரு போரும் ஒரு முற்றுகையும், பெயர் பதியப்படாத பல பெண்களின் உழைப்பும் இருக்கின்றன.

பெயர் வந்த வழி

இருமுறை சுட்டது என்ற பொருள்படும் இலத்தீன் சொற்களே இதன் மூலம். அது போர்த்துக்கேய மொழியில் பிஸ்கோய்ட்டோ ஆகி, அங்கிருந்து எமது கரைக்கு வந்து விசுக்கோத்து ஆனது. ஆங்கிலத்தின் பிஸ்கட் பிரெஞ்சு வழியாக வந்தது. மாவையும் தண்ணீரையும் பிசைந்து, ஈரம் முற்றாக நீங்கும்வரை சுட்டால் பல மாதங்கள் பழுதடையாது. நெடுங்காலக் கடற்பயணங்களிலும் படை நகர்வுகளிலும் இதுவே உணவாக இருந்தது.

போர்க்கால விசுக்கோத்து

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் 6 இலட்சத்துக்கும் அதிகமான படையினர் உயிரிழந்தனர். வடபகுதிப் படையினருக்கு நாளாந்தப் பங்கீடாக ஒன்பது அல்லது பத்து ஹார்ட்டக் விசுக்கோத்துகள் வழங்கப்பட்டன. துப்பாக்கிப் பிடியால் அடித்து உடைக்குமளவுக்கு அவை கடினமானவை. பழைய இருப்பில் வண்டு வைத்திருக்கும். சுடுகோப்பிக்குள் போட்டால் வண்டுகள் மேலே மிதக்கும். அவற்றை அள்ளி வீசிவிட்டுக் குடிப்பார்கள். படையினர் அதற்குப் 'பல் மழுக்கி', 'புழுக்கோட்டை' எனப் பட்டப்பெயர்கள் வைத்தனர்.

தென்பகுதியில் நிலைமை வேறு. 1861 ஏப்ரலில் ஜனாதிபதி லிங்கன் தென்பகுதித் துறைமுகங்களைக் கடல்வழியாக முற்றுகையிட உத்தரவிட்டார். உப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இறைச்சி உலர்த்தும் கொட்டில்களின் மண்தரையைத் தோண்டி, அந்த மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பெடுத்தனர். கோப்பிக்குப் பதிலாக வெண்டி விதையையும் வற்றாளங்கிழங்கையும் வறுத்து இடித்தனர். 1863 ஏப்ரல் 2ஆம் திகதி ரிச்மண்ட் நகரில் பசியால் திரண்ட பெண்கள் பாண் கேட்டு வீதியில் இறங்கிக் கடைகளை உடைத்தனர். அவர்களைக் கலைக்கப் படையினர் அழைக்கப்பட்டனர்.

தென்மாநிலங்கள் பிரிந்து சென்றது அடிமை முறையைக் காப்பதற்காக. ஆகவே அந்தப் போரை எமது போரோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் பொருட்கள் வரும் வழி அடைபட்டால் அடுப்படியில் என்ன நடக்கும் என்பது எங்கும் ஒன்றுதான். மண்ணெண்ணெய் தடைப்பட்ட 1990களில் ஜாம் போத்தலில் சிக்கன விளக்கு எரித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடித்த விசுக்கோத்து

மாவைப் பொங்க வைக்கும் பொருட்கள் எளிதில் கிடைக்காத காலத்தில், அதை மென்மையாக்கும் வழி அடிப்பதுதான். மாவை மரக்குற்றியில் வைத்து, உலக்கையாலோ கோடரியின் பின்புறத்தாலோ அரை மணித்தியாலமும் அதற்கு மேலும் அடிப்பார்கள். 1824இல் மேரி ராண்டல்ஃப் வெளியிட்ட வர்ஜீனியா சமையல் நூலிலும் மாவை அரை மணி நேரம் அடிக்கும்படி ஒரு குறிப்பு இருக்கிறது. அடிக்கச் சொன்னவர் வீட்டுக்காரி. பெரிய வீடுகளில் அடித்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். விருந்தினர் புகழ்ந்த மென்மை அவர்களுடைய கைவலியிலிருந்து வந்தது.

அவர்களில் பெயர் நிலைத்தவர் மிகச் சிலர். அடிமையாகப் பிறந்த அபி ஃபிஷர் அவர்களில் ஒருவர். போருக்குப் பின் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து சமையல் தொழிலில் பேரெடுத்தார். எழுத வாசிக்கத் தெரியாத அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய சமையல் நூல் 1881இல் வெளியானது. அடித்த விசுக்கோத்தும் அதில் உண்டு. கைக்கணக்கில் சமைத்த ஒரு தலைமுறை எம்மிடையேயும் இருக்கிறது. பல இடப்பெயர்வுகளுக்குப் பின் எஞ்சியிருக்கும் அவர்களுடைய அளவுகளை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயரோடு எழுதி வைப்பது நல்லது.

மென்மை மலிவான விதம்

1856இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் எபன் ஹோர்ஸ்ஃபோர்ட், பேக்கிங் பவுடரில் சேர்க்கக்கூடிய பொஸ்பேற்று அமிலப் பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். சோடாவும் அமிலமும் ஈரத்தில் சேரும்போது காபனீரொட்சைட்டு வாயு வெளிவந்து மாவை உப்ப வைக்கிறது. அரை மணி நேர அடி தேவையற்றதாயிற்று.

இருந்தும் அது எல்லோருக்கும் எல்லா நாளும் கிடைக்கவில்லை. போர் முடிந்து ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டனர். ஆனால் அவர்களில் பலர் குத்தகை நிலத்திலும் கடனிலும் சிக்கினர். ஏழைகளின் அன்றாட உணவு சோளமா, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, கரும்புப் பாகு. சோளத்தையே நம்பியிருந்ததால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாக்ரா என்ற போசாக்குக் குறைபாட்டு நோய் அங்கு பரவியது. அத்தகைய வீடுகளில் வாரநாட்களில் சோளரொட்டி. கோதுமை மா விசுக்கோத்து ஞாயிற்றுக்கிழமைக்கு. வார இறுதி உணவு என்ற பெயர் அதற்கு வந்தது வசதியால் அல்ல, பற்றாக்குறையால்.

செய்முறை (8 விசுக்கோத்துகள்)

கோதுமை மா 250 கிராம்
பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி
உப்பு அரைத் தேக்கரண்டி
குளிர்ந்த பட்டர் அல்லது மாஜரின் 85 கிராம்
குளிர்ந்த பால் 180 மில்லிலீற்றர்

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து அரித்த மா இதற்கு உதவாது. பச்சை மாவே வேண்டும். தென்மாநிலங்களின் மா புரதம் குறைந்த மென்கோதுமையிலிருந்து வருவது. எமது கடை மாவில் மூன்று மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அதேயளவு கோர்ன்ஃபிளவர் சேர்த்தால் அந்த மென்மைக்கு அண்மித்து வரும்.

மா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து அரிக்கவும். பட்டரைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போட்டு, பயறளவு கட்டிகள் எஞ்சும்வரை விரல் நுனியால் உதிர்க்கவும். இந்தக் கட்டிகள் சூட்டில் உருகி, அவற்றின் ஈரம் ஆவியாகும்போதுதான் அடுக்குகள் பிரியும். பாலை ஊற்றிக் கரண்டியால் கிளறி, மா ஒன்றுசேர்ந்ததும் நிறுத்தவும். ரொட்டிக்குப் போலக் குழைத்தால் இறுகிவிடும்.

மா தூவிய பலகையில் கையால் தட்டி, மூன்றாக மடித்து மீண்டும் தட்டவும். இதை இரண்டு தடவை செய்தால் போதும். ஒரு அங்குல உயரத்தில் வைத்து, தகரப்பேணி விளிம்பால் நேராக அழுத்தி வெட்டவும். பேணியைத் திருகினால் ஓரம் ஒட்டிப் பொங்காது. ஒன்றையொன்று தொடும்படி தட்டில் அடுக்கி, 220 பாகை செல்சியஸில் 12 முதல் 15 நிமிடங்கள் சுடவும்.

பாலுக்குப் பதிலாகக் கெட்டி மோர் சேர்ப்பதானால் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் சேர்க்கவும்.

ஒவன் இல்லாத வீட்டில்

அங்கும் பழைய வீடுகளில் ஒவன் இருக்கவில்லை. கனத்த இரும்புச் சட்டியை அடுப்புத் தணலில் வைத்து, மூடியின்மேலும் தணல் போட்டே சுட்டனர். அப்பச்சட்டி மூடியில் தணல் வைத்த எமது வீடுகளுக்கு இந்த முறை புதிதல்ல. 2022இல் எரிவாயு கிடைக்காதபோது விறகடுப்புக்குத் திரும்பியவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

அடி தடித்த சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணல் பரப்பி மூடி, பத்து நிமிடங்கள் சூடாக்கவும். விசுக்கோத்துத் தட்டை உள்ளே வைத்து மூடி, மேலே சிரட்டைத் தணல் இடவும். கீழே உள்ளதைவிட மேலே தணல் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி கருகி மேற்புறம் வெளிறியிருக்கும். பதினைந்து நிமிடங்கள்வரை திறக்கக் கூடாது. மேற்புறம் பொன்னிறமானதும் எடுக்கலாம்.

சூடாறுமுன் உண்பதே சிறப்பு. மிஞ்சியவை மாலைக்குள் இறுகிவிடும். அடுத்த நாள் இரண்டாகப் பிளந்து தோசைக்கல்லில் வாட்டினால் தேநீரோடு நன்றாக இருக்கும்.