பழங்குதானிக் கலங்களின் பிறப்பிடம்

சப்பானியர் 'கோ-குதானி' என வழங்கும் பழங்குதானிக் கலங்கள் கி. பி. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியவை. பச்சை, மஞ்சள், ஊதா, கருநீலம், சிவப்பு ஆகிய எனாமல் வண்ணங்களால் மலரும் மலையும் புள்ளும் தீட்டப்பெற்ற அப்பெருந்தட்டுகள், அந்நாட்டுப் பீங்கான் கலையின் தலையாய படைப்புகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஒருவகை சிவப்பை அறவே விலக்கி, பீங்கானின் வெண்மை தோன்றாதவாறு ஏனைய வண்ணங்களால் நிரப்பப்பெற்றது. அதனை 'ஆவோதே' என்பர். இக்கலங்கள் எவ்வூரில் செய்யப்பட்டன என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். பெயரிலேயே ஊர் விளங்க, ஆராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். அப்பெயரே ஐயத்திற்கு இடமாயிற்று என்பது எம் விடை.

குதானி என்பது சப்பானின் பெருந்தீவில், மேற்குக் கரையை அடுத்த காகா நாட்டின் மலைச் சிற்றூர். தைசோசிச் சிற்றரசின் முதல் தலைவரான மயேதா தோசிகாருவின் காலத்தில் அங்குப் பீங்கான் கல் கண்டெடுக்கப்பட்டதென்றும், கோதோ சாய்சிரோ என்பார் கியூசூத் தீவின் அரித்தாவுக்கு அனுப்பப்பெற்றுத் தொழில் கற்று மீண்டாரென்றும் வழிவழிச் செய்தி கூறும். ஏறத்தாழ 1655இல் தொடங்கிய சூளை, அரை நூற்றாண்டளவில் அவிந்துபோயிற்று. அது காரணமாகவே இவ்வூர்ப் பெயரைச் சூழ்ந்து கதைகள் பல எழுந்தன எனக் கருதுகின்றோம்.

இனி அரித்தாவை நோக்குவோம். தொயோதோமி இதேயோசி 1592 முதல் 1598 வரை கொரியாவின்மீது நடத்திய போர்களின் விளைவாகக் கொரியக் குயவர் பலர் கியூசூவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ரீ சம்பேய் 1616 அளவில் இசுமியாமா மலையில் பீங்கான் கல்லைக் கண்டார் என்பது மரபு. பகைநாட்டிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டோரே சப்பானுக்குப் பீங்கானைத் தந்தனர் என்பதை வரலாற்றாசிரியர் மறத்தலாகாது. தொடக்கத்தில் மெருகின் கீழ் நீலம் தீட்டிய கலங்களே அங்குச் செய்யப்பட்டன. எனாமல் வண்ணம் பின்னர் வந்தது. முதற்கண் கலத்தை மெருகிட்டு ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் சுட்டு, ஆறிய பின் அதன்மேல் வண்ணந்தீட்டி, 800 பாகை அளவிலான சிறு சூளையில் மீண்டும் சுடுவர். வண்ணங்கள் பெரும்பாலும் ஈயம் கலந்த கண்ணாடிப் பொருள்கள். செம்பு பச்சையையும் மாங்கனீசு ஊதாவையும் தரும். இரண்டு சூளைகள் வேண்டப்படுதலின், கலத்தைச் சுட்ட ஊரும் வண்ணம் ஏற்றிய ஊரும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லை. இதனை உளங்கொள்ளல் வேண்டும்.

சக்காய்தா காக்கியெமோன் குடும்பத்தார் போற்றிவந்த குறிப்பொன்று, இவ்வண்ணத்தொழில் நாகசாக்கியிலிருந்த சீனர் ஒருவர் வழி வந்ததெனவும், முதன்முதல் விற்ற கலங்களை வாங்கியவர் காகாத் தலைவரின் கொள்முதல் அலுவலர் எனவும் உரைக்கின்றது. அக்குறிப்பு ஆண்டைச் சுட்டாது, போர்த்துக்கேசியரின் பெருங்கப்பல் வந்த ஆண்டென்றே கூறுகின்றது. அது 1647 என அறிஞர் தெளிந்துள்ளனர். எனவே குதானிச் சூளை எழுமுன்னரே, காகா நாட்டார் அரித்தாவின் வண்ணக் கலங்களை விரும்பி வாங்கியோராவர். காகாவின் பழைய இல்லங்களில் இவ்வகைக் கலங்கள் காணப்பெறுவது, அவை அங்கேயே செய்யப்பட்டன என்பதற்குச் சான்றாகாது.

மண்ணும் இதனையே பேசுகின்றது. 1970 முதல் குதானியில் நிகழ்ந்த அகழாய்வில் 1656ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துடைய ஓடு கிடைத்தமையால் சூளையின் காலம் உறுதிப்பட்டது. ஆயினும் அச்சூளைகளில் கிடைத்தவை பெரும்பாலும் வெள்ளையும் நீலமும் பசுமெருகுமாகிய ஓடுகளே. அதே காலப்பகுதியில் அரித்தாவின் யாம்பேத்தாச் சூளையில் அகழ்ந்தபோது, பழங்குதானி எனப்பட்ட தட்டுகளின் வடிவையும் வண்ணத்தையும் ஒத்த ஓடுகள் வெளிப்பட்டன. அரித்தாவின் வெண்கலங்களைக் காகாவுக்குக் கொணர்ந்து அங்கு வண்ணமிட்டனர் என்று வாதிடுவோரும் உளர். குதானியிலும் பிற்காலத்தில் வண்ண ஓடுகள் சில கிடைத்திருத்தலின், அவ்வாதத்தை அறவே தள்ளுதல் இயலாது. எனினும், இப்பெயர் தாங்கிய கலங்களுள் பெரும்பாலானவை அரித்தாவுக்கே உரியன என்பது எம் துணிபு. அருங்காட்சியகங்கள் பலவும் இப்பொழுது 'அரித்தா, பழங்குதானிப் பாணி' என்றே குறிக்கின்றன.

கலங்களின் பெயர் பிறந்த இடத்தைக் காட்டாமை புதுமையன்று. இலாந்தா வாணிகக் கழகத்தார் 1659இல் ஐம்பதினாயிரத்திற்கும் மேற்பட்ட கலங்களை அரித்தாக் குயவரிடம் பணித்தனர். அவ்வூர்க் கலங்களோ, கப்பலேறிய துறையால் 'இமாரி' எனப் பெயர்பெற்றன. நம் 'பீங்கான்' என்னும் சொல்லும் பாரசீகம் வழி வந்ததே.

காகாவின் உரிமையும் பொய்யன்று. 1824இல் தைசோசி வணிகர் ஒருவர் யோசிதாயா என்னும் பெயரால் குதானியில் மீண்டும் சூளை எழுப்பி, சிவப்பு நீக்கிய பழம்பாணியில் கலங்கள் செய்வித்தார். மலையூரில் தொழில் நடத்துதல் அரிதாகவே, 1826இல் சூளை யமாசிரோவுக்குப் பெயர்ந்தது. அங்குச் செய்த கலங்களையும் மக்கள் குதானி என்றே அழைத்தனர்.