களை பிடுங்கியவர்களின் கதை

போன சாரலுக்கு முந்தின மாசம், பண்பொழியில் ஒரு குளக்கரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உண்ணிச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தோம். எதிரே திருமலைக் கோயில் மலை. ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் ஒருத்தர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏ தம்பி, மூணு வருசத்துக்கு முன்னாலயும் மொத்தமாத்தான அழிச்சிய? மழை பெஞ்சதும் ரெண்டு பங்கால்லா வந்துச்சு?"

அவர் சொன்னது நிஜம். பேரூராட்சியில் சொல்லிவிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஜேசிபி பிடித்து ஒரே நாளில் கரையைச் சுத்தமாக வழித்தெடுத்தோம். போட்டோவில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. உண்ணிச்செடியோடு சேர்ந்து நொச்சியும் ஆவாரையும் போனதை யாரும் கவனிக்கவில்லை. சாரல் முடிந்தபோது வெறும் மண்ணாகக் கிடந்த இடமெல்லாம் பார்த்தீனியம். அதற்கு நடுவே உண்ணிச்செடிக் கன்றுகள்.

எங்கே தப்பு செய்தோம்? நமக்கு முன்னால் களை பிடுங்கியவர்கள் என்ன செய்தார்கள்? இதைத் தேடிப் படித்தபோது சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

முதலில், இந்தச் செடிகள் இங்கே வந்த கதை. உண்ணிச்செடியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்தது. வண்ண வண்ணப் பூவைப் பார்த்து ஆசைப்பட்டு வேலிக்கு வைத்தார்கள். கறுத்த பழத்தைப் பறவைகள் தின்று விதையைக் காடு முழுக்கப் போட்டன. சீமைக்கருவேலத்தைக் காமராசர் காலத்தில் விதை தூவி வளர்த்ததாக நம் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அதன் விதை 1877லேயே மதராஸ் மாகாணத்துக்கு வந்துவிட்டது. விறகுக்காகக் கேட்டு வாங்கி, அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்த கடப்பையில் விதைத்தார்கள். யாரும் கெடுதல் நினைத்துக் கொண்டுவரவில்லை என்பதுதான் இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம்.

சப்பாத்திக்கள்ளியின் கதை இன்னும் விசேஷமானது. கள்ளியில் வாழும் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்கள். அந்த வியாபாரம் ஸ்பெயின்காரர் கையில் இருந்தது. அதை உடைக்க 1780களில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் கள்ளித் தோட்டமே போட்டார். 1795ல் பிரேசிலிலிருந்து ஒரு வழியாகப் பூச்சி கல்கத்தா வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது உயர்ந்த ரகப் பூச்சி இல்லை, காட்டு ரகம். சாயம் மட்டம். ஆனால் கள்ளியை மட்டும் வெறியோடு தின்றது! வடக்கே கள்ளி அழிவதைப் பார்த்து, 1836க்கும் 1838க்கும் இடையில் அதே பூச்சியைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை அழிக்க வேண்டும் என்றே பூச்சியை விட்டு ஜெயித்ததில் உலகத்திலேயே முதல் முயற்சி இதுதான் என்று பூச்சியியல் நூல்கள் சொல்கின்றன.

அதோடு முடியவில்லை. பிறகு வேறொரு இனக் கள்ளி தெற்கில் பரவியது. பழைய பூச்சி அதைத் தொடவே இல்லை. 1926ல் இலங்கையிலிருந்து இன்னொரு இனப் பூச்சியைக் கொண்டுவந்த பிறகுதான், சில வருசங்களில் அந்தக் கள்ளிக்காடு கரைந்தது. எந்தக் களை என்று சரியாகத் தெரியாமல் கை வைத்தால் வேலைக்காகாது என்பது இதிலிருந்து கிடைத்த முதல் பாடம். உண்ணிச்செடிக்கும் இதே வழியில் பல பூச்சிகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். கள்ளிக்கு நடந்தது இதற்கு நடக்கவில்லை. ஆகவே மம்பட்டிதான்.

மம்பட்டி பிடித்தவர்களில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தவர்கள் ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்ற அக்கா தங்கச்சி. ஆஸ்திரேலியாவில் சிட்னியின் மோஸ்மன் பகுதியில் இருந்தவர்கள். அங்கே ஆஷ்டன் பார்க் என்ற பொதுப் பூங்காவில் நடக்கப் போகும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஆட்களை வைத்து மொத்தமாக வெட்டிச் சுத்தம் செய்த இடத்தில்தான் களை முன்னைவிட அடர்த்தியாக வருகிறது. 1960களில் அவர்களே கையால் பிடுங்க ஆரம்பித்தார்கள். அவர்கள் பிடுங்கிய களைகளில் நம்ம உண்ணிச்செடியும் உண்டு.

அவர்கள் முறையில் மூன்றே விதிகள். ஒன்று, நல்ல இடத்தில் தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கிப் போக வேண்டும். இரண்டு, மண்ணை முடிந்த வரை கிளறக்கூடாது. பிடுங்கிய இடத்தைச் சருகால் திரும்ப மூடிவிட வேண்டும். மூன்று, மண்ணின் செடிகள் எவ்வளவு வேகத்தில் திரும்பி வருகின்றனவோ, அந்த வேகத்தில்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். நாங்கள் ஜேசிபி வைத்துச் செய்தது இந்த மூன்றுக்கும் நேர் எதிர். மோசமான இடத்தில் தொடங்கினோம், மண்ணைப் புரட்டினோம், ஒரே நாளில் முடித்தோம்.

இதே அவசரம் பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. வைகோ தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017ல் தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியது. சில மாதங்களிலேயே, ஆய்வு செய்யாமல் வெட்டலாமா என்ற கேள்வி எழுந்து, சென்னையில் தலைமை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. மரம் போக வேண்டும் என்று நினைத்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ராமநாதபுரத்துக் குடும்பங்கள் பக்கமும் நியாயம் இருந்தது. வெட்டிய இடத்தில் அடுத்து என்ன வரும் என்பதுதான் பேச்சில் அதிகம் அடிபடவில்லை. 2022ல் தமிழக அரசு அறிவித்த அயல் தாவரக் கொள்கையின் பெயரிலேயே, அகற்றுவதோடு சூழலை மீட்பதும் சேர்ந்திருக்கிறது.

இப்போது எங்கள் குளக்கரைக்கு வருகிறேன். இந்தத் தடவை ஆவாரையும் நொச்சியும் மிச்சம் இருக்கிற வடக்கு ஓரத்தில் தொடங்கினோம். பெரிய தூர்களுக்கு, டெல்லிப் பல்கலைக்கழகத்து சி. ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து பார்த்த முறை. மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்த்தண்டை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். பறவைகள் வந்து உட்காரும் மரங்களுக்குக் கீழே புதுக் கன்றுகள் முளைக்கும். அங்கே மட்டும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு காலைப்பொழுதில் முடிந்தது ஒரு வீட்டு முற்றம் அளவுதான். போட்டோ எடுத்தால் வித்தியாசமே தெரியாது. வந்தவர்களில் இரண்டு பேர் அலுத்துப்போய் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சாரல் முடிந்து போய்ப் பார்த்தேன். உண்ணிச்செடிக் கன்றுகள் இருக்கத்தான் செய்தன. கையாலேயே பிடுங்கக்கூடிய அளவு. பக்கத்திலேயே நாங்கள் நடாத ஆவாரைக் கன்றுகள் நாலைந்து தலைகாட்டியிருந்தன. பெரியவர் ஆடுகளோடு வந்தார். அவரிடம் காட்டினேன். "ஆடு கடிச்சிராம நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.