ஒரு சாண் நிலமும் பன்னிரண்டு ஆண்டும்

நபித்தோழர் சயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் மீது மதீனாவில் ஒரு வழக்கு எழுந்தது. அர்வா பின்த் உவைஸ் என்னும் பெண், தம் இடத்தில் ஒரு பகுதியை அவர்கள் எடுத்துக்கொண்டதாக ஆளுநர் மர்வான் இப்னு ஹகமிடம் முறையிட்டார். சயீத் (ரலி) அவர்களோ சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவர். அநீதமாக ஒரு சாண் நிலத்தை எடுத்தவர் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகளும் வளையமாக மாட்டப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததைத் தம் செவியால் கேட்டிருக்க, பிறர் இடத்தைத் தாம் எடுப்பது எங்ஙனம் என்று அவர்கள் வினவினார்கள். இதற்குமேல் சான்று கேட்கமாட்டேன் என்றார் மர்வான். ஆயினும் சயீத் (ரலி) அவ்விடத்தை அப்பெண்ணிடமே விட்டுவிட்டு, வழக்கை இறைவனிடம் ஒப்படைத்தார்கள். பின்னர் அப்பெண் பார்வையிழந்து, அதே இடத்திலிருந்த கிணற்றில் வீழ்ந்து மாண்டதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது.

இவ்வரலாற்றை ஒழுக்கப் பாடமாக நாம் அறிவோம். இதனுள் ஒரு சட்டக் கேள்வியும் இருக்கிறது. அர்வா அவ்விடத்தில் யாரும் கேள்வி கேளாமல் பன்னிரண்டு ஆண்டுகள் குடியிருந்திருந்தால் அது அவருடையதாகிவிடுமா? இன்றைய இந்தியச் சட்டம், நிபந்தனைகள் நிறைவேறினால், ஆம் என்கிறது. மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது? இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் நம் இல்லங்களையும் பள்ளிவாசல் சொத்துகளையும் எங்ஙனம் பாதித்திருக்கிறது? இவற்றை வரலாற்று வழியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சபர் சென்றோர் விட்டுச்சென்ற வீடுகள்

தென்காசி, ஆய்க்குடி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரத்தில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. இப்பகுதி முஸ்லிம்கள் கடந்த நூற்றாண்டின் தொடக்கம் முதலே மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் நிறுவப்படும் அளவுக்கு அங்கே அவர்கள் வேரூன்றினர். அடுத்த ஆண்டிலேயே சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1945 வரை ஊர் திரும்பவும் வழியில்லை, கடிதம் அனுப்பவும் வழியில்லை. பிற்காலத்தில் வளைகுடா நாடுகள் அடுத்த தலைமுறையை அழைத்துக்கொண்டன.

எல்லைகளும் மாறின. ஆய்க்குடி 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைத் தாலுகாவோடு மலையாள நாட்டு ஆட்சியில் இருந்தது. சில மைல் தொலைவிலுள்ள தென்காசியோ சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. மன்னராட்சிக் காலத்தில் அங்கே சமஸ்தானத்துச் சட்டமும் ஆவணங்களும். இங்கே பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமும் ஆவணங்களும். பாட்டனார் எழுதி வைத்த பத்திரம் எந்த அலுவலகத்தில் பதிவாயிற்று என்பதே சில குடும்பங்களில் தேடலுக்குரிய பொருளாகிவிடுகிறது.

சபர் சென்றவர் தம் வீட்டைத் தம்பியிடமோ, தமக்கை குடும்பத்தாரிடமோ, நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடமோ விட்டுச்செல்வது வழக்கம். பத்திரம் எழுதுவதில்லை, வாடகையும் பேசுவதில்லை. ஒரு தலைமுறை கழிகிறது. வீட்டுவரி ரசீது குடியிருப்பவர் பெயரில் வருகிறது. மின் இணைப்பும் அவர் பெயருக்கு மாறுகிறது. விட்டுச்சென்றவரும் இறக்கிறார், பொறுப்பேற்றவரும் இறக்கிறார். பேரப்பிள்ளைகள் எதிரெதிரே நிற்கும்போது, இரவலாகத் தரப்பட்டது என்பதற்குச் சாட்சி கூற எவரும் எஞ்சியிருப்பதில்லை.

ஃபிக்ஹு காட்டும் வேறுபாடுகள்

பிறர் சொத்தில் இருப்பவர் எல்லாரையும் நம் இமாம்கள் ஒரே வகையில் அடைக்கவில்லை. அநீதமாகக் கைப்பற்றியது ‘கஸ்பு’. உரியவர் அனுமதியுடன் பயன்படுத்துவது ‘ஆரிய்யா’, அதாவது இரவல். உரிமையாளர் எவருமில்லாத தரிசைப் பண்படுத்துவது ‘இஹ்யாவுல் மவாத்’. மூன்றாவதால் மட்டுமே உழைப்பு உரிமையாகிறது. பிறர் நிலத்தில் அநீதமாக நட்டவருக்கு அந்த வேரினால் உரிமை ஏதுமில்லை என்னும் கருத்துள்ள நபிமொழி இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை.

அதே வேளையில், நிலத்தைப் பூட்டி வைத்துப் பாழாக்குவதையும் மார்க்கம் ஊக்குவிக்கவில்லை. பிலால் இப்னு ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கிய அகீக் நிலத்தில், பயிரிட இயலாதிருந்த பகுதியைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திரும்பப் பெற்று மக்களுக்குப் பகிர்ந்தளித்தார்கள். தரிசைச் சுற்றி எல்லைக்கல் நட்டுவிட்டு மூன்றாண்டுகள் வாளாவிருப்பவருக்கு அதில் உரிமையில்லை என்றும் அவர்கள் அறிவித்ததாக அறிகிறோம். ஆயின் இவ்விரண்டும் அரசு வழங்கிய நிலத்தையும் தரிசையும் பற்றியவை. ஒருவர் விலைக்கு வாங்கிய, அல்லது வாரிசாகப் பெற்ற வீட்டைப் பற்றியவை அல்ல.

நீண்டகால அனுபவத்துக்கு மாலிக்கி மத்ஹப் கூடுதல் மதிப்பளிக்கிறது. உரிமையாளர் ஊரிலேயே இருந்து, கண்டும் தடையின்றிப் பத்தாண்டுகள் மௌனம் காத்தால், அவர் வழக்கு செவிமடுக்கப்படாது என்பது அவர்களின் ‘ஹியாஸா’ விதி. ஊரில் இல்லாதவருக்கு இது பொருந்தாது. உறவினர்கள் ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்து வாழ்பவர்கள் என்பதால், அவர்களுக்கிடையே இதைவிட நீண்ட காலத்தை அவர்கள் வேண்டினர்.

ஹனஃபி மரபில் உஸ்மானிய சுல்தான்கள் காழிகளுக்குப் பிறப்பித்த ஆணை முக்கியமானது. பதினைந்து ஆண்டுகள் காரணமின்றிக் கைவிடப்பட்ட வழக்கை ஏற்க வேண்டா என்பது அவ்வாணை. நம் அரபுக் கல்லூரிகள் நன்கறிந்த இப்னு ஆபிதீன் (ரஹ்) இதற்கு அளிக்கும் விளக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. இங்கே வழக்கின் வாயிலே அடைபடுகிறது, உரிமை அழிவதில்லை. மோசடியையும் பொய்ச்சாட்சியையும் தடுப்பதற்கான நிர்வாக ஏற்பாடே இது.

1869 முதல் 1876 வரை அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ இதனைச் சட்ட விதிகளாக்கியது. அதன் 1660ஆம் விதி பொதுவான வழக்குகளுக்குப் பதினைந்து ஆண்டும், 1661ஆம் விதி வக்ஃபின் மூலச்சொத்து குறித்து முதவல்லி தொடுக்கும் வழக்குக்கு முப்பத்தாறு ஆண்டும் வரையறுத்தன. வழக்காடுபவர் சிறுவராகவோ, மனநலம் குன்றியவராகவோ, சபர் தொலைவிலுள்ள வேற்றூரில் இருப்பவராகவோ இருந்த காலமும், எதிரி ஆதிக்கம் மிக்கவராக இருந்த காலமும் கணக்கில் சேரா என்கிறது 1663ஆம் விதி. எத்தனை காலம் சென்றாலும் உரிமை வீழ்வதில்லை. எதிரி நீதிமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டால் தீர்ப்பு உரியவருக்கே என்று 1674ஆம் விதி முடிக்கிறது.

இந்தியச் சட்டத்தின் நோக்கு

இந்தியாவில் 1859 முதல் ஆங்கிலேயர் இயற்றிய காலவரையறைச் சட்டங்களின் வழிவந்ததே 1963ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 65ஆம் உறுப்பின்படி, தனியார் நிலத்தை மீட்கும் வழக்குக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கெடு. அரசு நிலமாயின் 112ஆம் உறுப்பின்படி முப்பது ஆண்டுகள். 27ஆம் பிரிவுதான் வேறுபாட்டின் மையம். கெடு முடிந்தால் வழக்கு மட்டுமன்று, சொத்தின் மீதான உரிமையே அழிகிறது. இதனையே எதிரிடை அனுபவ உரிமை என்கின்றனர்.

மற்றொரு வேறுபாடு நம் வட்டாரத்தை நேரடியாகத் தொடுகிறது. மஜல்லாவில் சபர் சென்ற உரிமையாளருக்குக் காலம் ஓடுவதில்லை. இந்தியச் சட்டத்தின் 15ஆம் பிரிவோ எதிர்வாதி இந்தியாவில் இல்லாத காலத்தை மட்டுமே கழிக்கிறது. உரிமையாளர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்த ஆண்டுகள் அவருக்கு எதிராகவே கணக்கிடப்படும்.

ஆயினும் அச்சட்டத்திலும் ஒரு காப்பு உண்டு. அனுபவம் வெளிப்படையாகவும் இடையறாதும் உரிமையாளருக்கு எதிராகவும் இருத்தல் வேண்டும். அனுமதியால் குடியிருப்பவர் எத்தனை ஆண்டுகள் இருப்பினும் உரிமையாளராவதில்லை. கோவாவில் சகோதரியின் வீட்டில் குடியிருந்த சகோதரர் தொடுத்த வழக்கில், பராமரிப்பாளராக இருப்பவருக்கு நீண்டகாலக் குடியிருப்பால் உரிமை பிறப்பதில்லை என்று உச்சநீதிமன்றம் 2012இல் தெளிவாக்கியது. 2008இல் மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம் எதிரிடை அனுபவச் சட்டத்தையே கடுமையாகக் குறைகூறி, மறுபரிசீலனை செய்யுமாறு மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. இந்தியச் சட்ட ஆணையம் 2023இல் தன் 280ஆம் அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்றது. இங்கிலாந்தோ 2002ஆம் ஆண்டின் நிலப்பதிவுச் சட்டத்தால், பதிவுபெற்ற உரிமையாளருக்கு முன்னறிவிப்புத் தந்து, அவர் தம் நிலத்தை மீட்க வாய்ப்பளிக்கும் முறைக்கு மாறிவிட்டது.

லாகூர் தந்த படிப்பினை

வக்ஃபுக்கு இச்சட்டம் பொருந்துமா என்னும் கேள்வி லாகூரின் ஷஹீத் கஞ்ச் வழக்கில் பெரிதாக எழுந்தது. அங்கே 1722இல் ஃபலக் பேக் கான் ஒரு பள்ளிவாசலை அர்ப்பணித்து முதவல்லியையும் நியமித்தார். ஏறத்தாழ 1762 முதல் அவ்விடம் சீக்கியர் வசமிருந்தது. தம் தியாகிகள் உயிர்நீத்த இடம் என்னும் வகையில் அது அவர்களுக்கும் புனிதமானது. 1849இல் பஞ்சாப் ஆங்கிலேயர் வசமானதும் முஸ்லிம் தரப்பு தொடுத்த வழக்குகள் பலனளிக்கவில்லை. 1935 ஜூலையில் கட்டடம் இடிக்கப்பட்டது, நகரம் கொந்தளித்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவ்வாண்டே தொடுக்கப்பட்ட வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலும், 1938இல் லாகூர் உயர்நீதிமன்றத்திலும் தோற்றது. உயர்நீதிமன்றத்தில் நீதிபதி தீன் முஹம்மத் மட்டும் மாறுபட்டார்.

1940 மே 2இல் லண்டன் பிரிவி கவுன்சில் இறுதித் தீர்ப்பளித்தது. வக்ஃபாக அர்ப்பணிக்கப்பட்ட சொத்தும் காலவரையறைச் சட்டத்துக்கு உட்பட்டதே; நெடுங்கால எதிரிடை அனுபவத்தால் முதவல்லியின் உரிமை அழிந்துவிட்டது என்பது அதன் சாரம். வக்ஃபு என்றென்றும் இறைவனுக்குரியது என்னும் ஃபிக்ஹுக் கோட்பாடு நாட்டின் காலவரையறைச் சட்டத்தின் முன் நிற்கவில்லை. 1947க்குப் பின் லாகூர் பாகிஸ்தானில் அமைந்தபோதும் அவ்விடம் குருத்துவாராவாகவே நிலைத்தது.

நாட்டுப் பிரிவினையின் குழப்பத்தில் இழந்த பொது வக்ஃபுகளை மீட்க, இந்திய நாடாளுமன்றம் 1959இல் தனிச்சட்டம் இயற்றிக் கெடுவை நீட்டியது. 1995ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம் மேலும் சென்று, 107ஆம் பிரிவால் வக்ஃபு அசையாச் சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறையே இல்லையென்றது. ஆயின் தமிழ்நாட்டின் ஐந்து கோரி தைக்கால் வக்ஃபு வழக்கில் உச்சநீதிமன்றம் 2008இல் ஓர் எல்லையிட்டது: 1995ஆம் ஆண்டுச் சட்டம் வருமுன்பே அழிந்துபட்ட உரிமையை 107ஆம் பிரிவு உயிர்ப்பிக்காது. உறங்கிய காலத்தின் இழப்பைப் பின்வந்த சட்டத்தாலும் ஈடுசெய்ய இயலவில்லை.

2025ஆம் ஆண்டின் வக்ஃபுத் திருத்தச் சட்டம் ஏப்ரல் 8இல் நடைமுறைக்கு வந்தது. அது 107ஆம் பிரிவைத் தலைகீழாக்கி, வக்ஃபுச் சொத்து வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் இனிப் பொருந்தும் என்றது. அவ்வாண்டு செப்டம்பர் 15இல் உச்சநீதிமன்றம் வழங்கிய இடைக்கால ஆணை சில பிரிவுகளை நிறுத்திவைத்தது, இம்மாற்றத்தை நிறுத்தவில்லை. முப்பதாண்டுக்கு நெருங்கிய காலம் நம் முதவல்லிகளுக்கிருந்த பாதுகாப்பு இவ்வாறு நீங்கியது.

செய்ய வேண்டுவன

இந்நிலையில் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளிவாசல், தர்கா, மையவாடி, கடை, வயல் ஆகியவற்றின் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல எல்லை ஆகியவற்றை ஒருங்கே தொகுத்தல் வேண்டும். குடியிருப்போரிடம் எழுத்து வடிவிலான வாடகை ஒப்பந்தம் பெறுதலும், ஆண்டுதோறும் ரசீது தருதலும், ஆக்கிரமிப்புத் தெரிந்தவுடன் சட்டப்படி நடவடிக்கை எடுத்தலும் முதவல்லியின் அமானிதப் பொறுப்பு. கைப்பற்றிய சொத்தின் பயனுக்குப் பொதுவில் வாடகை விதிக்காத ஹனஃபி அறிஞர்களும், வக்ஃபுச் சொத்துக்கும் அநாதைகளின் சொத்துக்கும் ஊர் நிலவர வாடகையை வாங்கியே தீர வேண்டும் என்றனர். பழைய சொற்ப வாடகையில் பள்ளிவாசல் கடைகளை வைத்திருப்போர் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

சபரில் இருப்போர் தம் வீட்டை உறவினரிடம் விடுவது தவறன்று. எழுத்தின்றி விடுவதே தவறு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருமறையின் அல்பகரா அத்தியாயம் பணிக்கிறது. அவ்வறிவுரையை வீட்டுக்கும் கொள்வதில் உறவுக்கு இழுக்கில்லை. பேரப்பிள்ளைகளின் உறவைக் காப்பதும் அதுவே. பூட்டை உடைத்து ஆளை வெளியேற்றுவதை நாட்டுச் சட்டம் ஏற்காது. ஆதலால் மீட்புக்கும் முறையான வழியே வழி.

பிறர் வீட்டில் இருப்பவர் நினைவிற்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. பன்னிரண்டு ஆண்டு கழிந்தபின் நாட்டுச் சட்டம் அவர் கையில் தீர்ப்பைத் தரக்கூடும். அத்தீர்ப்பு உரியவரின் வழக்கை முடிக்கும்; கஸ்பை ஹலாலாக்காது. தமக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கப்பட்டாலும் உண்மையில் பிறருக்குரியதை எடுத்தவர் நெருப்புத் துண்டையே எடுக்கிறார் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது இத்தகையோரை நோக்கியே. உரியவரை, அவர் இல்லையேல் வாரிசுகளைத் தேடிச் சென்று ஒப்படைப்பதோ, விலை பேசித் தீர்ப்பதோ, அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்ததை எழுதிப் பெறுவதோதான் விடுதலைக்கு வழி. சயீத் (ரலி) அவர்கள் தமக்குரியதையே விட்டுக்கொடுத்தார்கள். நமக்குரியதல்லாததை விடுவது அதனினும் எளிது. அதற்கான மனவலிமையை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக.