பரமபதப் படம்: பாம்பும் ஏணியும் கடந்து வந்த வழி

விளையாட்டு என்பது சிறுவர்க்கே உரியதென்றும், அறிவுடையோர் ஆராய்தற்கு அதன்கண் யாதுமில்லையென்றும் எண்ணுவோர் பலர். ஆயின், ஒரு சமுதாயம் எதை நல்லதென்று போற்றியது, எதற்கு அஞ்சியது, தன் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிவைக்க விரும்பியது என்பவற்றை அதன் நூல்களிலிருந்து மட்டுமன்றி அதன் விளையாட்டுகளிலிருந்தும் அறியலாம். ‘பாம்பும் ஏணியும்’ என்ற பெயரோடு கடைகளில் விற்கப்படும் அட்டையை அறியாத பிள்ளைகள் நம் நாட்டில் அரியர். அந்த அட்டை எங்கிருந்து வந்தது, வரும் வழியில் எதை இழந்தது, இழந்ததை மீட்டல் கூடுமா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூதும் ஞானமும்

காய் உருட்டி ஆடும் ஆட்டம் பாரத தேசத்திலே மிகப் பழையது. இருக்கு வேதத்தின் 10ஆம் மண்டலத்து 34ஆம் சூக்தம், சூதாடி மனைவியையும் மதிப்பையும் இழந்த ஒருவனின் புலம்பலாக அமைந்துள்ளது. தருமபுத்திரர் நாட்டையும் தம்பியரையும் பாஞ்சாலியையும் பணயம் வைத்துத் தோற்றதும், நளன் அரசிழந்து காடு புகுந்ததும் யாவரும் அறிந்த கதைகள். திருவள்ளுவ நாயனாரும் 94ஆம் அதிகாரம் முழுவதையும் சூதின் கேட்டை விளக்கவே ஒதுக்கினார்.

இத்துணைக் கேடு விளைத்த காயை நம் முன்னோர் தூக்கி எறிந்திருக்கலாம். அவ்வாறு செய்திலர். காயை வைத்துக்கொண்டு பணயத்தை நீக்கினர். அதன் கீழே வேறொரு பலகையை விரித்தனர். பொருளைப் பறிக்கும் ஆட்டம் புண்ணிய பாவங்களைக் காட்டும் ஆட்டமாயிற்று. அப்பலகையே வடநாட்டில் ஞான சௌபர் எனவும், நேபாளத்தில் நாகபாசம் எனவும், தெலுங்கு நாட்டில் வைகுண்டபாளி எனவும், தமிழ்நாட்டில் பரமபத சோபானப் படம் எனவும் வழங்குவது. சோபானம் என்றால் படிக்கட்டு. பரமபதம் என்றால் யாவற்றிலும் உயர்ந்த இடம். மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசி இரவிலே உறக்கம் நீக்கி விழித்திருப்பதற்காகத் தமிழ்நாட்டு வைணவக் குடும்பங்கள் இப்படத்தை விரித்து ஆடுவது நெடுங்கால வழக்கம்.

இதன் தொன்மை எவ்வளவு? 13ஆம் நூற்றாண்டில் மராட்டிய நாட்டில் வாழ்ந்த ஞானேசுவரரே இதனை ஆக்கினாரெனப் பலரும் சொல்லக் கேட்கின்றோம். அதனை நிறுவும் சான்று இதுவரை கிடைத்திலது. ஒக்ஸ்போர்ட் நகரத்து அஷ்மோலியன் நூதனசாலையைச் சேர்ந்த அன்ட்ரூ டொப்ஸ்பீல்ட் 1985இலும் 2006இலும் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் பழைய பலகைகள் பலவற்றைத் தொகுத்துக் காட்டுகின்றன. இன்று எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழையவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வைணவர் 72 கட்டப் பலகையும், சமணர் 84 கட்டப் பலகையும், முஸ்லிம்களுள் சூபி மரபினர் 100 கட்டப் பலகையும் வரைந்தனர். ஒரே விளையாட்டைப் பல சமயத்தவரும் தத்தம் கொள்கைக்கேற்ப எழுதிக்கொண்டனர் என்பதே, இல்லாத தொன்மையைக் கூட்டிச் சொல்வதினும் பெருமை தரும் செய்தியாகும்.

72 கட்டங்களின் கதை

வைணவ மரபின் 72 கட்டப் பலகையை ஹரிஷ் ஜோஹாரி என்பவர் 1970களில் ‘லீலா’ என்ற பெயரில் நூலாக்கி விளக்கினார். ஒரு வரிசைக்கு 9 கட்டமாக எட்டு வரிசைகள். முதல் கட்டம் பிறப்பு, இரண்டாவது மாயை, அதனை அடுத்துக் கோபம், லோபம், பூலோகம், மோகம், மதம், மாற்சரியம், காமலோகம் என முதல் வரிசை நிறைவுறும். அடையவேண்டிய இடம் உச்சி வரிசையிலுள்ள 68ஆம் கட்டமாகிய வைகுண்டம்.

பாம்பின் தலை குற்றத்தில் இருக்கும். வால் அக்குற்றம் கொண்டுபோய் விடும் இடத்தில் இருக்கும். 16ஆம் கட்டத்துத் துவேஷம் லோபத்திலும், 24ஆம் கட்டத்துத் தீயோர் சேர்க்கை மதத்திலும், 29ஆம் கட்டத்து அதர்மம் மோகத்திலும், 55ஆம் கட்டத்து அகங்காரம் கோபத்திலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பத்துப் பாம்புகளில் ஏழின் வால் முதல் வரிசையிலேயே முடிகின்றது. எவ்வளவு உயரத்தில் நின்று வழுக்கினும் விழும் இடம் பழைய இடமே என்பதை இதனினும் எளிதாகக் குழந்தைக்குச் சொல்லல் அரிது.

ஏணிகளின் அமைப்பு இன்னும் நுட்பமானது. ஞானம் என்னும் 37ஆம் கட்டத்து ஏணி 66ஆம் கட்டத்து ஆனந்தலோகம் வரை ஏற்றிவிடும். வைகுண்டத்துக்கு இரண்டு கட்டம் குறைவு. 17ஆம் கட்டத்துத் தயையின் ஏணியோ 69ஆம் கட்டத்துப் பிரமலோகத்தில் விடும். வைகுண்டத்துக்கு ஒரு கட்டம் அப்பால். அங்ஙனம் மேலே சென்றவர் 72ஆம் கட்டத்தை அடைந்து, அங்குள்ள தமோகுணப் பாம்பின் வழியே 51ஆம் கட்டமாகிய பூமிக்கு இறங்கி, மீண்டும் ஏறவேண்டும். 54ஆம் கட்டத்துப் பக்தியின் ஏணி ஒன்றே நேரே வைகுண்டத்தில் கொண்டு விடுவது.

பூமியில் நிற்பவரின் நிலையைச் சற்று உற்று நோக்குக. காயில் ஒன்று விழுந்தால் 52ஆம் கட்டத்து இம்சை. அப்பாம்பு 35ஆம் கட்டத்து நரகத்தில் தள்ளும். மூன்று விழுந்தால் பக்தி, அதுவே வீடுபேறு. நான்கு விழுந்தால் அகங்காரம். நேரே மூன்றாங் கட்டத்துக் கோபம். பக்திக்கு அடுத்த கட்டத்திலே அகங்காரத்தை வைத்தவர் மனித மனத்தை நன்கு அறிந்தவராதல் வேண்டும். திருப்பணி செய்வோரும் சங்கம் நடத்துவோரும் இவ்விரு கட்டங்களுக்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியதென்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

பாம்பு பாவமோ?

இவ்விடத்து இளைஞர் ஒரு வினா எழுப்பல் கூடும். நம் ஊர்களிலே நாகதம்பிரானுக்குப் பால் வைத்து வழிபடுகின்றோம்; நயினாதீவிலே நாகபூஷணி அம்மையைத் தொழுகின்றோம்; சிவபெருமான் திருமேனியில் அரவே அணிகலன். அங்ஙனமாகப் பாம்பைப் பாவத்தின் வடிவாகக் காட்டல் தகுமோ என்பதே அவ்வினா. நேபாளத்தார் வழங்கும் நாகபாசம் என்ற பெயரிலே இதற்கு விடை காணலாம். பாசம் என்றால் கயிறு. பலகையிலுள்ள பாம்பு பாவமன்று, கட்டும் கயிறு. பதி, பசு, பாசம் எனச் சைவசித்தாந்தம் கூறும் மூன்றையும் நினைவிற்கொள்வார்க்கு இது தெளிவாகும். கட்டுண்டது பசு, கட்டுவது பாசம். இறைவன் மேனியில் ஆபரணமாய் அடங்கிக் கிடப்பது, பலகையில் நம்மைக் கட்டி இழுக்கின்றது. குற்றம் பாம்பிலன்று, நாம் மிதித்த கட்டத்திலே.

கடல் கடந்த பலகை

ஆங்கிலர் இந்தியாவை ஆண்ட காலத்தில் இவ்விளையாட்டு இங்கிலாந்து சென்றது. 1892ஆம் ஆண்டிலே இலண்டனில் எப். எச். ஏயர்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் இதனை வெளியிட்டார். அக்காலத்து ஆங்கிலப் பலகைகளிலும் நீதி இருந்தது. சிக்கனம், பச்சாத்தாபம், உழைப்பு என்ற ஏணிகள் நிறைவுக்கும் அருளுக்கும் வெற்றிக்கும் ஏற்றின. போகம், கீழ்ப்படியாமை, சோம்பல் என்ற பாம்புகள் நோய்க்கும் அவமானத்துக்கும் வறுமைக்கும் இழுத்தன. எனினும் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்துவிட்டன. முதலாவது, உச்சியில் இருந்த வீடுபேறு நீங்கி உலக வாழ்வின் வெற்றி அங்கே அமர்ந்தது. இரண்டாவது, பழைய இந்தியப் பலகைகள் பலவற்றில் ஏணிகளினும் பாம்புகள் மிகுந்திருக்க, ஆங்கிலப் பலகை இரண்டையும் சமமாக்கிற்று. நல்வழி அரிது, வழுக்கும் வழி பல என்ற எச்சரிக்கை அத்தோடு மறைந்தது.

பின்னர் நீதிப் பெயர்களும் மெல்ல மெல்ல உதிர்ந்து, எண்கள் மட்டும் எஞ்சின. அமெரிக்காவிலே 1943இல் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையும் நீக்கி, பிள்ளைகள் விளையாடும் சறுக்குகளை அவ்விடத்தில் வைத்தது. எண்கள் மட்டுமுள்ள அந்த ஆங்கில அட்டையே நம் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. புறப்பட்டது பரமபதம், திரும்பி வந்தது 100 என்ற இலக்கம். அந்த நூறாவது கட்டத்தில் என்ன இருக்கின்றதென்று பிள்ளை கேட்டால், நாம் சொல்லும் விடை யாது?

ஆடும் முறை

பழைய முறையிலே ஆட விரும்புவோர்க்கு வேண்டிய பொருள்கள் சிலவே. ஒரு பலகை அல்லது தடித்த தாள், ஆளுக்கொரு காய், ஆறு முகமுள்ள ஒரு தாயக்கட்டை. காய்க்குப் புளியங்கொட்டை, குன்றிமணி, சிப்பி எதுவும் ஆகும். தாயக்கட்டைக்குப் பதிலாக ஆறு சோகிகளை எறிந்து, வாய் மேல்நோக்கி விழுந்தவற்றை எண்ணியும் ஆடலாம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. கட்டையில் ஆறு முகங்களும் சம வாய்ப்புடையன. சோகி மல்லாந்து விழுவதும் கவிழ்ந்து விழுவதும் சமமெனக் கொண்டால், ஆறு சோகிகள் விழும் வகைகள் 64. அவற்றுள் மூன்று விழுவது 20 வகை, தாயமாகிய ஒன்று விழுவது 6 வகை, ஆறும் மலர்வது ஒரே வகை. ஆகவே சிறுவர் கூடியிருக்குமிடத்துக் கட்டையே ஏற்றது. சோகியில் ஆறு விழுமட்டும் காத்திருப்பின் விடிந்துவிடும்.

72 கட்டப் பலகையில் ஆறு விழுந்தால்தான் பிறப்பு. அதுவரை காய் வெளியே காத்திருக்கும். தமிழ்நாட்டுப் படத்தில் தாயம் போட்டுத் தொடங்குவது வழக்கம். காய் கீழ் வரிசையின் இடப்புறமிருந்து வலப்புறமாகவும், அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாகவும், ஏர் உழுது திரும்புவது போல மாறிமாறி மேலே செல்லும். ஏணியின் அடியில் நின்றால் ஏறுக. பாம்பின் தலையில் நின்றால் இறங்குக. வைகுண்டத்தைச் சரியான எண் விழுந்தே அடைதல் வேண்டும். இவற்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளல் நலம். காய் நின்ற கட்டத்தின் பெயரை ஆடுபவர் உரக்கப் படித்த பின்னரே அடுத்தவர் கட்டையைத் தொடலாம். பெயர் படிக்கப்படாத பரமபதம் வெறும் எண்ணோட்டமேயாம்.

ஊழும் முயற்சியும்

இனி, மேற்சொன்ன யாவற்றினும் கடினமான ஒரு தடை உண்டு. ஆடுபுலி ஆட்டத்திலே மதி வெல்லும். பரமபதத்திலோ ஆடுபவர் தீர்மானிப்பது யாதுமில்லை. கட்டை விழுந்தபடியே காய் நகரும். தெரிவு இல்லாதவிடத்து அறம் ஏது? இவ்விளையாட்டு இளைஞரை விதியின்மேல் பழியைப் போட்டுச் சோம்பியிருக்கவன்றோ பழக்கும் என்பர் சிலர்.

இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலியைக் கூறினார். அவரே 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமை என முயற்சியைப் போற்றினார். இரண்டும் ஒரே நூலில் உள்ளன. பரமபதம் முயற்சியைக் கற்பிக்கும் பாடமன்று. எந்தச் செயலுக்கு எது பயன் என்பதைக் காட்டும் படம். ஊர் செல்லும் வழியைப் படத்திலே பார்ப்பவர் நடந்துவிட்டவர் ஆகார். ஆயினும் குழி இருக்கும் இடத்தை அறிந்தவர் ஆவர். கட்டை பலகையின்மேல் நம்மைத் துவேஷத்தில் நிறுத்துகின்றது. பலகையை விட்டு எழுந்த பின் அங்கே நிற்பதா விலகுவதா என்பது நம் கையில் உள்ளது. அன்றியும், மதியால் வெல்லும் ஆட்டத்திலே பேரன் பாட்டனாரோடு சமமாக அமர்தல் அரிது. இங்கோ எண்பது வயதினரும் எட்டு வயதினரும் ஒரே பாம்புக்கு அஞ்சுவர். வென்றவர் செருக்கவும் தோற்றவர் நாணவும் இடமில்லை. குடும்பம் முழுவதும் ஒன்றாய் விழித்திருக்க இதனினும் பொருத்தமான ஆட்டம் வேறு யாது?

இளைஞர்க்கு ஒரு பணி

இக்கட்டுரை ஒரு வேண்டுகோளோடு நிறைவுறுகின்றது. சங்க இளைஞர் கூடி ஒரு புதிய பலகையை வரைதல் வேண்டும். வைணவரும் சமணரும் சூபியரும் தத்தமக்கெனப் பலகை எழுதிக்கொண்டாற்போல, நமக்கும் நம் மொழியிலே கட்டங்களுக்குப் பெயரிடும் உரிமை உண்டு. கல்வி, ஒப்புரவு, வாய்மை, திருத்தொண்டு என்ற ஏணிகள் எங்கே தொடங்கவேண்டும்? புறங்கூறல், குடி, சாதிச் செருக்கு, சீதனப் பேராசை என்ற பாம்புகளின் வால் எந்தக் கட்டத்தில் முடியவேண்டும்? இவ்வினாக்களைப் பெரியோர் முன்னிலையிலே வைத்து விவாதித்து முடிவு செய்க. எந்தப் பாம்பு நீளமானது என்பதில் இளையோரும் முதியோரும் எளிதில் உடன்படமாட்டார்கள். அவ்விவாதமே பலகையினும் பயனுடைய சமய வகுப்பாகும்.

வரைந்து முடித்த பலகையை வருகின்ற சிவராத்திரி இரவிலே விரித்து, பெயர்களை உரக்கப் படித்து ஆடுக. உச்சிக் கட்டத்தில் இலக்கம் ஒன்றை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள்.