சென்னை காசநோய் ஆய்வும் வீட்டுச் சிகிச்சையும்

காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைக்காமல், வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொள்ளச் செய்து குணப்படுத்த முடியுமா என்பதை அறிய 1956இல் சென்னையில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு தொடங்கப்பட்டது. மருத்துவ நூல்களில் இது 'மெட்ராஸ் ஆய்வு' என்று குறிக்கப்படுகிறது. இதன் முடிவுகள் 1959இல் வெளியாயின. உலக நாடுகள் காசநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் முறையையே அவை மாற்றின. ஆனால் ஆய்வில் உறுதிப்பட்ட ஒரு செய்தி, அன்றாடச் சிகிச்சையில் பழக்கமாவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியின் வரலாறும் ஆய்வின் வரலாற்றைப் போலவே அறியத்தக்கது.

சானடோரியக் காலம்

எலும்புருக்கி நோய், சயரோகம் என்றெல்லாம் மக்கள் அஞ்சிய காசநோய்க்கு 1940களின் நடுப்பகுதி வரை மருந்து இல்லை. தூய காற்று, ஓய்வு, பால், முட்டை, இறைச்சி ஆகியவையே சிகிச்சை எனக் கருதப்பட்டன. ஊருக்கு வெளியே, மரங்கள் சூழ்ந்த இடங்களில் சானடோரியங்கள் எழுந்தன. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் 1915இலும், சென்னைக்கு அருகே தாம்பரம் சானடோரியம் 1928இலும் தோன்றின. மின்சார ரயிலில் செல்வோருக்கு 'தாம்பரம் சானடோரியம்' இன்று ஒரு நிலையத்தின் பெயர். அன்று அந்தப் பெயரைக் கேட்டாலே பல குடும்பங்கள் கலங்கின.

ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் நிலைமை மாறியது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948இல் வெளியிட்ட ஆய்வில் 107 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஊசி பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர். இந்த ஆய்வை வடிவமைத்ததில் முக்கியப் பங்கு வகித்தவர் புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். அடுத்து பி.ஏ.எஸ். என்னும் மருந்தும், 1952இல் விலை மலிவான ஐசோனியசிட் மாத்திரையும் வந்தன. மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி எதிர்ப்புத் திறன் பெறுவதைத் தடுக்கலாம் என்பதும் தெரிந்தது.

மருந்து வந்த பிறகும் சானடோரியம் தேவைதானா என்ற கேள்வி செல்வ நாடுகளில் அவசரமாக எழவில்லை. அங்கே படுக்கைகள் இருந்தன. இந்தியாவின் நிலை வேறு. 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், 1000 பேருக்கு 13 முதல் 25 பேர் வரை நுரையீரல் காசநோய்க்கான எக்ஸ்ரே அறிகுறியுடன் இருப்பது தெரிந்தது. நோய் நகரத்துக்கு மட்டும் உரியதன்று, கிராமங்களிலும் அதே அளவு பரவியுள்ளது என்பதும் அப்போதுதான் தெளிவாயிற்று. இத்தனை பேருக்கும் படுக்கை அமைப்பது எந்த ஐந்தாண்டுத் திட்டத்தாலும் முடியாத காரியம்.

ஆய்வு நடந்த விதம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை 1956இல் நிறுவின. இதன் முதல் இயக்குநர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று இது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது.

ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள். அனைவருக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற ஒரே மருந்துச் சேர்க்கை ஓராண்டுக்குத் தரப்பட்டது. யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. சமவாய்ப்பு முறையே தீர்மானித்தது. இந்த நுணுக்கம்தான் ஆய்வின் உயிர். நோய் முற்றியவரைச் சானடோரியத்துக்கும் இலேசாக உள்ளவரை வீட்டுக்கும் அனுப்பியிருந்தால், முடிவைக் கொண்டு எதையும் சொல்லியிருக்க முடியாது.

சானடோரியம் சென்றவர்களுக்கு ஓய்வும் நல்ல உணவும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவில், பலர் வேலைக்கும் போய்க்கொண்டு வாழ்ந்தனர். அவர்கள் மருந்து சாப்பிடுகிறார்களா என்பதைக் கண்டறிய, பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும் மருந்து. அதைத் தினமும் ஓராண்டு விழுங்குவது எளிதன்று.

ஓராண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் 92 சதவீதத்தினரும் வீட்டுப் பிரிவில் 86 சதவீதத்தினரும் சளியில் கிருமி இல்லாத நிலையை எட்டினர். தற்செயலாகவே நேரக்கூடிய அளவுக்கு இது சிறிய வேறுபாடு. சானடோரியத்தில் இருந்தவர்களின் எடை கூடுதலாக ஏறியது உண்மை. ஆனால் கிருமியை ஒழித்தது மருந்துதான். பெரிய அச்சம் ஒன்றும் எஞ்சியிருந்தது. நோயாளியை வீட்டில் வைத்தால் மனைவி மக்களுக்கு நோய் பரவாதா? அந்தக் குடும்பங்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, சானடோரியம் சென்றவர்களின் குடும்பத்தாரைவிட இவர்கள் அதிகம் பாதிக்கப்படவில்லை என்று தெரிந்தது. மருந்து தொடங்குவதற்கு முன்பே பரவல் பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகிறது.

காகிதத்திலிருந்து மருந்தகத்துக்கு

1959இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் நிறுவப்பட்டது. அங்கே பணியாற்றிய ஹாஃப்டன் மாலர் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகளுக்கு விழிப்புணர்வு இல்லை என்ற வழக்கமான குற்றச்சாட்டைத் தகர்த்தது. கிராமத்து நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்தை நாடியிருந்தனர். அங்கே சளிப் பரிசோதனை செய்யாமல், இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். குறை நோயாளியிடம் இல்லை, மருத்துவ நிலையத்தில் இருந்தது. ஆகவே 1962இல் தொடங்கிய தேசியத் திட்டம், காசநோய்ப் பணியைப் பொது மருத்துவ நிலையங்களோடு இணைத்தது.

திட்டம் நன்றாகவே இருந்தது. நடைமுறை அப்படி அமையவில்லை. வீட்டுச் சிகிச்சை என்பது மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவது என்று பல இடங்களில் சுருங்கிப்போனது. வீட்டுக்குச் சென்று பார்த்த பணியாளரும், திடீர்ச் சோதனையும், தவறியவரைத் தேடிச் சென்றதும்தான் சென்னையில் பெற்ற வெற்றிக்குப் பாதிக் காரணம். மருந்தைத் தானே உட்கொள்ளும் முறையில் உள்ள சிக்கலை வாலஸ் ஃபாக்ஸ் 1958லேயே எழுதி எச்சரித்திருந்தார். வாரம் இருமுறை மருத்துவப் பணியாளர் முன்னிலையில் மருந்து தருவதும் பலனளிக்கும் என்று அதே சென்னை மையம் 1964இல் நிறுவியும் காட்டியது. அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு, செலவு குறைவு என்ற பகுதியை மட்டும் நாடு எடுத்துக்கொண்டது எனலாம். 1992இல் தேசியத் திட்டம் மறுஆய்வு செய்யப்பட்டபோது, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை முடித்தனர் என்று தெரிந்தது.

தனியார் மருத்துவர்களின் நிலை இன்னும் மோசம். மும்பையில் சுமார் 100 மருத்துவர்களிடம் காசநோய்க்கு எழுதும் மருந்துச் சீட்டைக் கேட்டு 1991இல் வெளியான ஆய்வு 80 வெவ்வேறு மருந்துச் சேர்க்கைகளைக் கண்டது. 2010இல் அதே நகரில் 106 மருத்துவர்களிடம் மீண்டும் கேட்டபோது சேர்க்கைகள் 63. சரியாக எழுதியவர்கள் 6 பேர் மட்டுமே. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நெறிமுறைகளுக்குப் பஞ்சமே இல்லை.

1993இல் சோதனையாகவும் 1997இல் முறையாகவும் தொடங்கிய திருத்திய தேசியத் திட்டம், நேரடிக் கண்காணிப்பில் வாரம் மூன்று முறை மருந்து தரும் முறையை எடுத்துக்கொண்டது. 2006இல் அது நாடு முழுவதும் பரவியது. ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் எழுதிய தனி மருந்துப் பெட்டி ஒதுக்கப்பட்டது. ஆறு மாத மருந்தும் முன்கூட்டியே அதில் இருந்ததால், இடையில் மருந்து தீர்ந்துவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை. நெறிமுறையை நடைமுறைக்குக் கொண்டுவர அச்சிட்ட சுற்றறிக்கையைவிட அந்த அட்டைப்பெட்டி அதிகம் உதவியிருக்கும்.

விட்டு விட்டு மருந்து தரும் முறை சென்னையில் பிறந்தது. அதைக் கைவிட வேண்டிய சான்றும் பின்னர் அங்கிருந்தே வந்தது. எச்.ஐ.வி. உள்ள காசநோயாளிகளிடம் அந்நிறுவனம் நடத்திய ஆய்வில், தினசரி மருந்து பெற்றவர்களில் 91 சதவீதத்தினரும், வாரம் மும்முறை பெற்றவர்களில் 77 சதவீதத்தினரும் நல்ல பலன் கண்டனர். தினசரி முறையே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2010லேயே கூறியிருந்தும், உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு ஒன்று வந்த பிறகு, 2017இல்தான் இந்தியா முழுவதும் தினசரி முறைக்கு மாறியது.

உணவு பற்றிய மறுபார்வை

சென்னை ஆய்வை மேற்கோள் காட்டி, காசநோய்க்கு உணவு ஒரு பொருட்டன்று என்று நெடுங்காலம் பேசப்பட்டது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. கிருமியை ஒழிக்க உயர்ந்த உணவு கட்டாயமன்று என்பதே அது காட்டியது. நோய் வராமல் தடுப்பதில் உணவின் பங்கு என்ன என்பது வேறு கேள்வி. ஜார்கண்டில் நடந்து 2023இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள்கள் வழங்கியபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் வழங்கும் மத்திய அரசின் ஊட்டச்சத்துத் திட்டம் 2018இல் வந்தது; 2024இல் தொகை 1000 ரூபாய் ஆயிற்று.

படுக்கை யாருக்கு வேண்டும் என்ற பழைய கேள்வியும் தமிழ்நாட்டில் புதிய வடிவில் திரும்பியுள்ளது. 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் கண்டறிந்த உடனேயே ஆபத்தான நிலையில் உள்ளவர்களைப் பிரித்தறிகிறது. இதற்கு எக்ஸ்ரேயோ ஆய்வகமோ வேண்டியதில்லை. உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைச் செவிலியரே சில நிமிடங்களில் பார்த்துக் குறித்துவிடலாம். உடல் மிக மெலிந்து நிற்க முடியாதவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். மற்றவர்கள், 1956இல் சேத்துப்பட்டு மையத்தில் சேர்ந்த நோயாளிகளில் பாதிப் பேரைப் போல, மாத்திரையோடு வீடு திரும்புகின்றனர்.