புனேயின் நிலைத்த சிலைகளும் பத்து நாள் சிலைகளும்

புனே நகரின் பொது இடங்களில் தலைவர்களுக்குச் சிலை வைக்கும் வழக்கம் 1920களில் வேரூன்றியது. திலகர் 1920 ஆகஸ்டில் மறைந்தார். நான்கே ஆண்டுகளில், 1924 ஜூலையில், நகரின் பெரிய காய்கறிச் சந்தையான ரே மார்க்கெட்டை ஒட்டி அவருக்குச் சிலை எழுந்தது. திறந்து வைத்தவர் மோதிலால் நேரு. முழு மூச்சாக அதற்குப் பாடுபட்டது நகராட்சி. அதன் தலைவராக இருந்த ந. சி. கேல்கர் திலகரின் நெருங்கிய தோழர்.

அந்தச் சந்தைக்கும் ஒரு கதை உண்டு. பம்பாய் ஆளுநர் ரே பிரபுவின் பெயரில் 1886இல் அது திறக்கப்பட்டது. நகராட்சிப் பணத்தை இவ்வளவு பெரிய கட்டடத்தில் கொட்டக் கூடாது, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்று எதிர்த்து நின்றவர் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே. திலகர் சிலை எழுந்த மறு ஆண்டு, 1925இல், புலேவுக்கும் ஒரு சிலை வைக்க வேண்டும் என்று நகராட்சியில் தீர்மானம் கொண்டுவந்தார் பிராமணரல்லாதார் இயக்கத் தலைவர் கேசவராவ் ஜேதே. தீர்மானம் தோற்றது. சென்னையில் நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த அதே ஆண்டுகளில், புனேயிலும் பிராமணர், பிராமணரல்லாதார் அரசியல் கொதித்துக்கொண்டிருந்தது. எந்தத் தலைவருக்குச் சிலை என்பது ஊர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியாகவே பார்க்கப்பட்டது. பிற்பாடு எழுத்தாளர் ஆச்சார்ய அத்ரேயின் முயற்சியால் ரே மார்க்கெட் ‘மகாத்மா புலே மண்டயி’ ஆயிற்று. கட்ட வேண்டாம் என்றவரின் பெயரைத்தான் இன்று அந்தக் கட்டடம் தாங்கி நிற்கிறது.

புனேயின் சிலைகளில் கலை அளவில் தலைசிறந்தது சிவாஜியின் குதிரைச் சிலை. கோலாப்பூர் அரசர் சாஹு மகாராஜ் அதற்கு வித்திட்டார். 1921 நவம்பர் 19 அன்று வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் இளவரசரின் வருகையை எதிர்த்த பம்பாய் கலவரத்தில் மூழ்கியிருந்தது. மறு ஆண்டே சாஹு இறந்துபோனார், வேலை நிற்கவில்லை. 1928 ஜூன் 16 அன்று ஆளுநர் லெஸ்லி வில்சன் சிலையைத் திறந்து வைத்தார். வார்த்தவர் விநாயக் பாண்டுரங் கர்மர்கர். அலிபாக் அருகே சாசவணே என்ற கடலோரக் கிராமத்தில் 1891இல் பிறந்தவர். ஊர்க் கோயில் சுவரில் அவர் வரைந்திருந்த சிவாஜி படத்தைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரி ஆட்டோ ராத்ஃபெல்ட், சிறுவனைப் பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். சுவரில் சிவாஜியைத் தீட்டிய கையே பின்னாளில் வெண்கலத்தில் சிவாஜியை வடித்தது. கர்மர்கரின் வீடு இன்று சாசவணேயில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இந்த மூன்று முயற்சிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. சிலை வைத்தால் அது என்றென்றைக்கும் நிற்கும் என்றே ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் நினைத்தார்கள். பிடித்த இடத்தை விடுவதற்கு ஒரு முறையான வழியே வகுக்கப்படவில்லை. பின்னாளில் வந்த வேதனைகளுக்கு வேர் இதுதான்.

சிவாஜி சிறுவயதில் வாழ்ந்த லால் மகாலை, 1980களில் புனே மாநகராட்சி புதிதாகக் கட்டியது. அங்கே சிறுவன் சிவாஜி தங்கக் கலப்பையால் பாழ்பட்ட புனே மண்ணை உழுவதாக ஒரு சிற்பத் தொகுதி இருந்தது. அருகில் தாய் ஜீஜாபாய், கூடவே தாதோஜி கொண்டதேவ். தாதோஜி சிவாஜிக்கு ஆசானாக இருந்தார் என்பதற்குச் சான்றில்லை என்று மராத்தா அமைப்புகள் வாதிட்டன. 2010 டிசம்பரில் மாநகராட்சி மன்றம் தாதோஜியின் உருவத்தை அகற்றத் தீர்மானித்தது. நள்ளிரவுக்குப் பின், ஊர் உறங்கும் வேளையில் அது அகற்றப்பட்டது. மறுநாள் நகரம் கொந்தளித்தது.

ஆறு ஆண்டு கழித்து ஜங்லி மகராஜ் சாலையிலுள்ள சம்பாஜி பூங்காவில் அடுத்த சம்பவம். அங்கே 1962 முதல் நாடகாசிரியர் ராம் கணேஷ் கட்காரியின் மார்பளவுச் சிலை இருந்தது. ‘ஏகச் பியாலா’ எழுதியவர். கோவிந்தாக்ரஜ் என்ற பெயரில் கவிதையும் எழுதியவர். 1919இல், 33 வயதில் இறந்தவர். முடிக்காமல் விட்டுப்போன ‘ராஜசன்யாஸ்’ நாடகத்தில் சிவாஜியின் மகன் சம்பாஜியை இழிவுபடுத்திவிட்டார் என்பது சம்பாஜி பிரிகேட் அமைப்பின் குற்றச்சாட்டு. 2017 ஜனவரி 3ஆம் தேதி, விடியும் முன்னர் சிலையைப் பெயர்த்து முடா ஆற்றில் வீசினார்கள். காலையில் பூங்காவுக்கு நடக்க வந்தவர்கள் பார்த்தது வெறும் பீடத்தை. எழுத்தாளன் ஒருவனுடைய முகத்தைப் பிடுங்கி ஆற்றில் எறிவது எந்த வரலாற்று வாதத்தாலும் நியாயமாகாது.

தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சென்னை மெரினாவிலிருந்து கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006 ஜூனில்தான் திரும்ப வந்தது. பெங்களூரில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு ஈடாகச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் எழுந்தது.

இவ்வளவுக்கும் நடுவில், நிலையில்லாத சிற்பத்தைப் பொது இடத்தில் வைத்து மரியாதையோடு அனுப்பி வைக்கும் கலையை நூறாண்டுக்கு மேலாகப் பயின்ற ஊரும் இதே புனேதான். 1890களில் பாவுசாகேப் ரங்காரியும் திலகரும் விநாயகர் வழிபாட்டை வீட்டிலிருந்து வீதிக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து ஆவணி மாதத்தில் மூங்கில் கட்டி, துணி இழுத்து, தெருமுனைகளில் மண்டபம் எழும். களிமண் பிள்ளையார் அமர்வார். சுற்றிலும் புராணக் காட்சிகளும் அன்றைய செய்திகளும் பொம்மைகளாக நிற்கும். ஊரே இரவெல்லாம் நடந்து பார்க்கும். அனந்த சதுர்தசி அன்று ஊர்வலம் கிளம்பும். முதலில் கஸ்பா கணபதி, பிறகு தாம்படி ஜோகேஸ்வரி, குருஜி தாலிம், துளசிபாக், கேசரிவாடா என்று முறை மாறாமல் போகும். ஊர்வலம் ஓய்ந்ததும் மூங்கில் பிரிக்கப்படும். தெரு பழையபடி தெருவாகும். எந்த விழாக் குழு எங்கே பந்தல் போடும், எத்தனை நாள் இருக்கும், யாருக்குப் பின் யார் போவார்கள் என்பதெல்லாம் முன்பே முடிவானவை. சிற்பம் போகும் நாள் முதலிலேயே தெரிந்திருப்பதால், அது போனதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை.

உலகின் பிற நகரங்கள், சிற்பத்தைக் குறித்த காலத்துக்குக் கடனாகப் பெற்று வைக்கும் ‘கடன் சிற்பம்’ என்ற ஏற்பாட்டில் இதே வழியைத்தான் எட்டின. 1948இல் லண்டன் மாநகர நிர்வாகம் பாட்டர்சீ பூங்காவில் திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. போரில் சிதைந்த நகரத்தில் லட்சத்துக்கும் அதிகமானோர் சீட்டு வாங்கிப் பார்த்தார்கள். அதில் இருந்த ஹென்றி மூரின் ‘நின்றிருக்கும் மூவர்’ பிறகு பூங்காவுக்கே அன்பளிப்பானது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. டிரஃபால்கர் சதுக்கத்தில், நான்காம் வில்லியம் மன்னரின் குதிரைச் சிலைக்காக 1841இல் கட்டிய பீடம் பணமில்லாமல் ஒன்றரை நூற்றாண்டு வெறுமையாகக் கிடந்தது. 1999 முதல் அதில் மாறி மாறித் தற்காலிகச் சிற்பங்கள் வருகின்றன. இந்தியாவில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு ஜெய்ப்பூரின் நாகர்கட் கோட்டை. அங்குள்ள மாதவேந்திர அரண்மனையில் 2017 டிசம்பரில் தொடங்கிய சிற்பப் பூங்கா, கலைஞர்களிடமும் காட்சிக்கூடங்களிடமும் கடனாகப் பெற்ற படைப்புகளையே காட்டியது. காலம் முடிந்ததும் அவை திரும்பின.

கடன் என்றால் செலவில்லை என்று நினைப்பது தவறு. சிற்பத்தின் உரிமை சிற்பியிடமோ கொடுத்த நிறுவனத்திடமோ இருக்கும். பொறுப்பு முழுவதும் நகரத்தைச் சேரும். வண்டி வாடகை, கிரேன், அடித்தளக் கான்கிரீட், காப்பீடு, காவலாள், திருப்பி அனுப்பும் செலவு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வந்த அன்றே படைப்பின் நிலையைப் படமெடுத்துப் பதிவு செய்து, போகும் நாளில் ஒப்பிட்டுப் பார்ப்பது நடைமுறை. புனேயில் மழைக்காலம் நான்கு மாதம். இரும்புச் சிற்பம் துருப்பிடிக்கும், மரச் சிற்பம் ஊறும். பூங்காவுக்கு வரும் குழந்தைகள் எதன் மீதும் ஏறுவார்கள் என்பதால், கூர்முனையும் ஆட்டமும் இல்லாமல் அடித்தளத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். இதை அலட்சியமாக எண்ணக் கூடாது. சிந்துதுர்க் மாவட்டம் மால்வணில் 2023 டிசம்பர் 4 அன்று திறக்கப்பட்ட 35 அடி சிவாஜி சிலை, 2024 ஆகஸ்ட் 26 அன்று சாய்ந்து விழுந்தது. அது நிரந்தரமாக நிற்க வேண்டிய சிலை.

சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. சாலை, நடைபாதை போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருமுனைகளில் புதுச் சிலைகளுக்கு இருந்த வழி இதனால் குறுகியது. வேலிக்குள் இருக்கும் பூங்காவின் மதிப்பு கூடியது.

புனேயில் கடன் சிற்பத்துக்குப் பொருத்தமான பூங்காக்களுக்குக் குறைவில்லை. பேஷ்வாக்கள் காலத்து ஏரியைத் தூர்த்து உருவான சாரஸ்பாகும், ஜப்பானின் ஒகயாமா நகரத் தோட்டத்தின் பாணியில் அமைந்த பு. ல. தேஷ்பாண்டே தோட்டமும் உள்ளன. சம்பாஜி பூங்காவையும் விட்டுவிட வேண்டியதில்லை. இதில் மாநகராட்சி செய்ய வேண்டியது ஒன்றே: சிற்பம் வரும் நாளில் வைக்கும் பலகையில், சிற்பியின் பெயருக்குக் கீழே அது திரும்பும் தேதியையும் எழுத வேண்டும், அந்தத் தேதி வந்ததும் பட்டப்பகலில், மக்கள் பார்க்க, அதை வழியனுப்பி வைக்க வேண்டும்.