விண்மீன்களுக்கிடையே ஒலித்த மொழிகள்: 'ஸ்டார் வார்ஸ்' முப்படத் தொடரின் நிலைபேறு

அறிவியல் புனைகதைத் திரைப்படங்கள் விரைவில் மூப்படையும் இயல்புடையவை. ஒரு தலைமுறை வியந்து நோக்கிய கருவிகள் அடுத்த தலைமுறையின் வீட்டிற்குள் வந்துவிடுகின்றன. நேற்றைய மாயக் காட்சியை இன்றைய மாணவர் தம் கணினியிலேயே உருவாக்கிவிடுகின்றார். இத்தகைய படங்களுள் பெரும்பாலானவை பத்தாண்டுகளில் நினைவிலிருந்து நீங்கிவிடுகின்றன. இப்பொது விதிக்கு விலக்காக நிற்பவற்றுள், 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' முப்படத் தொடர் முதன்மையானது. பள்ளி மாணவனாக முதற்படத்தைக் கண்ட நான், இன்று அதே படத்தை அடுத்த தலைமுறையினர் அதே ஆர்வத்தோடு காண்பதைப் பார்க்கின்றேன். இந்நிலைபேற்றுக்குக் காரணம் யாது? பலர் இவ்வினாவுக்குக் கதையிலும் காட்சியிலும் விடை தேடியுள்ளனர். மொழியியல் பயின்றவன் என்னும் முறையில் நான் செவிவழியே விடை தேட விழைகின்றேன்.

தொடர் உருவான வரலாறு

ஜார்ஜ் லூகாஸ் 1944இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தவர். 'ஃபிளாஷ் கார்டன்' என்னும் பழைய விண்வெளித் தொடரைப் படமாக்க அவர் முதலில் விரும்பினார். அதன் உரிமை கிடைக்காமற்போகவே, தமக்கென ஒரு கதையுலகைப் படைக்கத் தொடங்கினார். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'தி ஹிட்டன் ஃபோர்ட்ரஸ்' (1958) என்னும் படம், எளிய குடியானவர் இருவரின் கண்வழியே அரசியற்போர் ஒன்றைக் காட்டுவது. அவ்வுத்தியே லூகாசின் கையில், இரண்டு இயந்திர மனிதர்களின் பார்வையில் கதையைத் தொடங்கும் முறையாயிற்று. தொன்மக் கதைகளின் பொதுக்கட்டமைப்பை ஆராய்ந்த ஜோசப் கேம்பெல் 1949இல் வெளியிட்ட நூலும் தமக்கு வழிகாட்டியதாக லூகாஸ் கூறியுள்ளார்.

முதற்படம் 1977ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், முப்பத்துச் சொச்சம் திரையரங்குகளில் மட்டுமே வெளியானது. ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டாலர் செலவில் உருவான அப்படம், அதுகாறும் இருந்த வசூல் எல்லைகளை எல்லாம் கடந்தது. 1980இல் இர்வின் கெர்ஷ்னர் இயக்கத்தில் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்', 1983இல் ரிச்சர்டு மார்க்வாண்டு இயக்கத்தில் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்' ஆகியவை தொடர்ந்தன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பேணும் தேசியத் திரைப்படப் பதிவேடு 1989இல் தன் முதற்பட்டியலுக்குத் தேர்ந்த 25 படங்களுள் முதற்படமும் ஒன்று. இரண்டாம் படம் 2010இலும் மூன்றாம் படம் 2021இலும் அப்பதிவேட்டில் இடம்பெற்றன.

இத்தொடரின் ஈர்ப்புக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, எளிய இளைஞன் ஒருவன் ஆசானை அடைந்து, சோதனைகளைக் கடந்து, தன்னை அறியும் பழங்கதை அமைப்பு. இரண்டாவது, பழையதாகத் தோன்றும் உலகு. அதற்கு முந்தைய படங்களுட் பலவற்றில் விண்கலங்கள் பளபளத்தன. இங்கோ அவை துருவேறியும் நெளிந்தும் பழுதுபார்க்கப்பட்டும் கிடக்கின்றன. மூன்றாவது, லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்த ஜான் வில்லியம்ஸின் இசை. இம்மூன்றும் உண்மையே. ஆயினும், புழங்கிய உலகு என்னும் அந்த உணர்வைக் கண்ணைக் காட்டிலும் காதே நமக்கு ஆழமாகத் தருகின்றது என்பது என் கருத்து.

ஒலி சேகரித்தவர்

அவ்வொலியுலகைப் படைத்தவர் பென் பர்ட். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்ற அவர், 1975ஆம் ஆண்டளவில் இப்பணியில் சேர்ந்தார். விண்வெளிப் படம் என்றாலே மின்னணுக் கருவிகளின் ஓசையை நாடுவது அன்றைய வழக்கம். பர்ட் அவ்வழியை விடுத்து, நாம் வாழும் உலகின் ஓசைகளைத் தேடிச் சென்றார். ஒளிவாளின் ரீங்காரம், திரைப்படக் காட்சிக் கருவியின் மோட்டார் ஓசையும் தொலைக்காட்சிக் குழாயின் இரைச்சலும் கலந்தது. துப்பாக்கி ஒலி, உயர்ந்த கோபுரம் ஒன்றை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பெற்றது. டார்த் வேடரின் மூச்சு, நீரில் மூழ்குவோர் அணியும் சுவாசக் கருவியினுடையது. சூபாக்காவின் குரலில் கரடியின் உறுமலே பெரும்பங்கு வகிக்கின்றது. வேற்றுலக உயிர்களுக்கும் இயந்திரங்களுக்கும் குரல் படைத்தமைக்காக அவருக்கு ஆஸ்கர் சிறப்பு விருது வழங்கப்பட்டது.

மொழியாசிரியர் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது ஆர்-டூ டி-டூ என்னும் சிறிய இயந்திரத்தின் பேச்சாகும். அதற்குச் சொற்கள் இல்லை. பர்ட் தம் வாயால் எழுப்பிய மழலை ஒலிகளை மின்னணு ஓசைகளோடு கலந்து அப்பேச்சை அமைத்தார். ஆயினும் அது வினவுவதையும் வியப்பதையும் சினப்பதையும் துயருறுவதையும் பார்வையாளர் எவரும் பிழையின்றி உணர்கின்றனர். சொல் அறியாப் பருவத்திலேயே குழந்தை தாயின் குரலின் ஏற்ற இறக்கத்தை அறிந்துகொள்கின்றது. சொல்லுக்கு முன்னரே தோன்றும் அந்த அறிவைத்தான் இந்த இயந்திரம் நம்மிடம் தட்டியெழுப்புகின்றது.

அவரவர் மொழியில் அவரவர்

இப்படங்களில் ஹான் சோலோ தன் மொழியில் பேசுகின்றான். சூபாக்கா தன் மொழியில் விடையிறுக்கின்றான். எவரும் மற்றவருடைய மொழிக்கு மாறுவதில்லை; இருவருக்கும் எல்லாம் விளங்குகின்றது. மதுக்கூடத்தில் ஹான் சோலோவை மடக்கும் கிரீடோ வேறொரு மொழி பேசுகின்றான். அவனுடைய சொற்கள் திரையின் அடியில் மொழிபெயர்ப்பாக ஓடுகின்றன. பிறர் மொழியைப் பேசாமலே புரிந்துகொண்டு, தம் மொழியில் விடையளிக்கும் இந்நிலையை மொழியியலார் ஏற்புநிலைப் பன்மொழியம் என்பர். பல மொழிகள் புழங்கும் சந்தையில் வளர்ந்த நம் வட்டாரத்தாருக்கு இது புதிதன்று. வேற்றுலகில் எல்லாரும் ஆங்கிலமே பேசுவதாகக் காட்டிய படங்களோடு ஒப்பிடுகையில், இவ்வுலகு உண்மையானது எனத் தோன்றுவதற்கு இதுவே தலையாய காரணம்.

இம்மொழிகள் எங்கிருந்து வந்தன? கிரீடோ, ஜப்பா ஆகியோர் பேசும் மொழிக்கு ஆண்டீஸ் மலைத்தொடர் மக்களின் கெச்சுவா மொழி அடிப்படையாயிற்று. பாலைவனத்தில் பழைய பொருள் வாங்கி விற்கும் ஜாவாக்களின் பேச்சு, தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியைச் சார்ந்து, விரைவுபடுத்தி அமைக்கப்பட்டது. மூன்றாம் படத்தில் வரும் ஈவோக்குகளின் மொழிக்கு, காஸ்பியன் கடலுக்கு வடமேற்கே வழங்கும் கல்மிக் மொழி முதன்மை அடிப்படை. அதே படத்தில் விண்கல ஓட்டியாக வரும் நியன் நன்புக்குக் குரல் கொடுத்தவர் கென்யாவைச் சேர்ந்த மாணவர் ஒருவர். அவர் பேசியது கிழக்காப்பிரிக்க மொழி.

இம்முறைக்குத் தக்க மொழியியற் காரணம் உண்டு. ஒருவர் இல்லாத மொழியொன்றைத் தாமே இயற்ற முயன்றால், தம் தாய்மொழியின் ஒலியன்களையும் அசையமைப்பையும் கடப்பது அரிது. உயிருள்ள மொழியோ, எவ்வொலி எவ்வொலியை அடுத்து வரும் என்னும் ஒழுங்கையும் தனக்கே உரிய தாளத்தையும் தன்னகத்தே கொண்டது. அவ்வொழுங்கை நம் செவி உடனே இனங்காண்கின்றது. பொருள் விளங்காவிடினும், 'இது மொழி' என்று நம்புகின்றது.

எனினும் இதன் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். கெச்சுவா, இன்கா பேரரசில் வழங்கிய மொழி. இன்றும் பல இலட்சம் மக்களின் தாய்மொழி. முதற்படம் வெளிவந்த 1977இல், ஜூலு மக்கள் தம் சொந்த மண்ணில் நிறவெறி ஆட்சியின்கீழ் உரிமையிழந்து வாழ்ந்தனர். கல்மிக் மக்கள் அனைவரும் 1943ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்டாலின் ஆட்சியால் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள். 1957ஆம் ஆண்டையொட்டியே அவர்கள் தாயகம் திரும்ப முடிந்தது. இத்தகைய மக்களின் தாலாட்டும் வழிபாடும் வழக்காடலும் நிகழ்ந்த மொழிகள், மேலை நாட்டுச் செவிக்கு வேற்றுலக உயிர்களின் குரலாக ஒலித்தன. படைத்தவரின் உள்ளத்தில் இகழ்ச்சி இருந்ததாக நான் கருதவில்லை. அவருக்கிருந்தது ஒலியின்மேற் காதல். ஆனால் விந்தை எந்த மொழியிலும் இல்லை. அது கேட்போர் செவியில் இருப்பது. நம் தமிழும் அறியாதார் செவிக்கு வெறும் ஓசையே என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

யோடாவின் சொல்வரிசை

இரண்டாம் படத்தில் தோன்றும் ஆசான் யோடாவின் ஆங்கிலம், இத்தொடரின் மொழிக்கூறுகளுள் மிகுந்த புகழ்பெற்றது. ஆங்கிலத்தில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்பது இயல்பான வரிசை. யோடாவோ செயப்படுபொருளையோ பயனிலையையோ முன்னே நிறுத்தி, எழுவாயைப் பின்னே கொணர்கின்றார். செயப்படுபொருள், எழுவாய், வினை என்னும் வரிசையை அடிப்படையாகக் கொண்ட மொழிகள் உலகில் மிக அரியவை. எனவே அப்பேச்சு ஆங்கிலச் செவிக்குத் தொன்மையும் புதிர்த்தன்மையும் உடையதாகப் படுகின்றது.

இதே உத்தியைத் தமிழில் கையாண்டால் என்னாகும்? 'வலிமை மிகுந்தவன் நீ', 'அச்சத்தை நீ வெல்வாய்' என்னும் தொடர்கள் நமக்கு எவ்வகையிலும் விந்தையல்ல. தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் தொழிலைக் காட்டிவிடுவதால், சொற்கள் இடம் மாறினும் பொருள் சிதைவதில்லை. ஆங்கிலத்தில் யோடாவைத் தனித்துக் காட்டும் கூறு, தமிழில் மேடைப்பேச்சின் இயல்பான அழுத்தமாகிவிடும். எனவே மொழிபெயர்ப்பாளர் வேறு வழி தேடவேண்டும். பழஞ்சொற்களையோ செய்யுள் நடையையோ நாடவேண்டும். ஒரு மொழியின் இலக்கணத்தை மாணவர் உணர்வதற்கு இதனினும் எளிய வாயிலை நான் அறியேன்.

ஓசையாக இருந்தது மொழியானது

2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3ஆம் நாள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நவஹோ மக்களின் தலைநகராகிய விண்டோ ராக்கில் முதற்படம் மீண்டும் திரையிடப்பட்டது. இம்முறை அதன் மாந்தர்கள் நவஹோ மொழியில் பேசினர். நவஹோ தேசிய அருங்காட்சியகத்தின் முயற்சியால் அது நிறைவேறிற்று. பெருந்திரைப்படம் ஒன்று அம்மொழியில் குரல் மாற்றம் பெற்றது அதுவே முதன்முறை.

அம்மொழியின் வரலாற்றை அறிந்தால் அந்நாளின் பொருள் விளங்கும். பூர்விகக் குடிகளின் பிள்ளைகள் அமெரிக்க அரசின் உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதே அரசு, இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் போர்க்களத்தில் நவஹோ வீரர்களைக்கொண்டு, அம்மொழி வழியே மறைச்செய்திகளை அனுப்பியது. அவ்வீரர்கள் நீர்மூழ்கிக் கப்பலை 'இரும்பு மீன்' என்றும், கவச வண்டியை 'ஆமை' என்றும் வழங்கினர். புதுப்பொருளுக்கு இரவற்சொல் நாடாமல், தம் உலகிலிருந்தே பெயரிடும் அவ்வாற்றல் அழிந்துவிடவில்லை. போருக்குப் பயன்பட்ட மொழி எழுபதாண்டுகளுக்குப் பின்னர் குழந்தைகளின் மகிழ்ச்சிக்குப் பயன்பட்டது. பாட்டனும் பாட்டியும் பேசும் மொழியில் விண்கல வீரனும் பேசுவதைப் பேரப்பிள்ளைகள் கேட்டனர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கனடாவின் வின்னிபெக் நகரில், அதே படம் ஒஜிப்வே மொழியிலும் ஒலித்தது.

சிறுபான்மை மொழிகளின் ஓசையை இரவல் பெற்று உருவான கதையுலகு, சிறுபான்மை மொழிக்கு மேடையாக மாறிய வரலாறு இது. அவரவர் தம் மொழியில் பேசும் அவ்வுலகில் இன்னொரு மொழி வந்து சேர்வதற்கு என்றும் இடம் உண்டு. இத்தொடர் மூப்படையாமைக்கு நான் காணும் காரணம் இதுவே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இப்படங்களின் காட்சியொன்றை, ஐந்து நிமிட அளவில், மாணவர்களிடம் தந்து தமிழில் பேசச் செய்யுங்கள். கலைச்சொல் ஆக்கத்தைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உடனே எழும். இளைஞன் லூக், முதியவர் ஓபி-வானை 'நீங்கள்' என்று விளிப்பான், அதில் ஐயமில்லை. பகைவனாகிய டார்த் வேடரை 'நீ' என்பான். இரண்டாம் படத்தின் இறுதியில், அப்பகைவனே தன் தந்தை என்று அறிகின்றான். அதன் பின்னர் அவனை எவ்வாறு விளிப்பான்? 'நீ' என்றே தொடர்வானா? மூன்றாம் படத்தில் தந்தையை நல்வழிப்படுத்த முயலும்போது 'நீங்கள்' என்பானா? எந்த நொடியில் அம்மாற்றம் நிகழும்? ஆங்கிலம் இவ்வினாவை எழுப்புவதே இல்லை. அங்கு இரண்டிற்கும் ஒரே சொல். தமிழில் அதை முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுத இயலாது.

அம்முடிவை எடுப்பதற்காக வகுப்பறையில் மாணவர்கள் தமக்குள் வாதிடும்போது, அவர்கள் கதையின் உயிரையும் அறிவர். தம் மொழியின் உயிரையும் அறிவர்.